பங்குனியில் ஓர் ஆயுத பூஜை

2058ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், புதன்கிழமை காலை, கோயம்புத்தூரின் வடபாதியில் குடிநீர் வரவில்லை. முறையீட்டை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே முறை: இந்நகரத்துப் பட்டறைக்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள வைத்திருந்த ஒரே பண்டிகையை, அவர்களை ஒரு வார்த்தை கேளாமல் எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஆண்டு முழுவதும் தூவிவிட்டார்கள். குழாய்கள் வறண்டது அதனால்தான்.

பண்டிகைக்கும் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று அன்று காலை கேட்டிருந்தால் பூவிழியிடமும் விடை இருந்திராது. டயாலிசிஸ் மையத்தின் வாசலில் தம்பி திருமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். செவிலி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, முழுதாகத் திறக்க மனமில்லாமல் பேசினாள்.

“வாரத்துக்கு மூணு தடவைங்கறது போன மாசமே ரெண்டாச்சுங்க. இனி ஒண்ணுதானுங். ஒரு ஆளுக்கு ஒரு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ண நூறு லிட்டருக்கு மேல நல்ல தண்ணி வேணும். போர் தண்ணியில உப்பு எச்சா இருக்குது, மெஷினுக்கு ஆகாது. நாங்க என்னங் பண்றது?”

“அடுத்தது எப்பங்க?” என்று கேட்டாள் பூவிழி.

“சனிக்கிழமை. தண்ணி வந்தா.”

திருமூர்த்தி சிரித்தான். நாற்பத்துமூன்று வயதில் அவனுடைய முகம் ஊறிய பயறுபோல் உப்பியிருந்தது. “பாத்தியாக்கா? என்ற ஒடம்புக்குள்ள தண்ணி வெளிய போகாம நிக்குது. ஊருக்குள்ள தண்ணி உள்ள வராம நிக்குது. ரெண்டுக்கும் ஒரே வைத்தியந்தான் வேணுமாட்ட இருக்குது.”

அவள் சிரிக்கவில்லை. கடைசியாகச் சுத்தம் செய்தது திங்கட்கிழமை; இனிச் சனிக்கிழமைதான். அதற்குள் அவன் எத்தனை வாய் தண்ணீர் குடிப்பான் என்று மனம் தானாகவே கணக்கிடத் தொடங்கியிருந்தது.

பூவிழி நேர்த்தியின் அலுவலகத்தில் பணிபுரிந்தாள். நேர்த்தி என்பது நகரத்தின் நாலாயிரம் சிறு பட்டறைகளையும் ஒரே உடலின் உறுப்புகளைப்போல் இணைத்து இயக்கிய கணிப்பொறியமைப்பு. எந்த லேத்து எதைக் கடைய வேண்டும், எந்த உலை எந்நேரம் எரிய வேண்டும், எந்தப் பழைய இரும்பு எப்போது உருக வேண்டும் என அனைத்தையும் அதுவே முடிவு செய்தது. அது வந்த பின்னர் ஒரு லேத்தும் சும்மா நின்றதில்லை; ஒரு பட்டறையும் வேலையின்றி மூடியதில்லை. அதன் முடிவுகளுக்குக் காரணம் கேட்டு வருவோருக்கு விளக்கம் சொல்வது பூவிழியின் வேலை. நல்ல வேலைதான் என்றே அவள் நம்பியிருந்தாள்.

அன்று அவளே விளக்கம் கேட்கப் போனாள். மேலாளர் யுகேந்திரன் மேசைமீது ஓர் இம்பெல்லரை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பம்பின் வயிற்றுக்குள் சுழன்று தண்ணீரை வீசும் வெண்கலத் தட்டு அது. இரு தட்டுகளுக்கு நடுவே வளைந்த இதழ்கள். முன்தட்டு அப்பளம்போல் மெல்லியது. முன்பெல்லாம் பட்டறைக்கொரு வடிவம் இருந்தது. நேர்த்தி அவற்றையெல்லாம் ஒப்பிட்டு, மிகக் குறைந்த மின்சாரத்தில் மிக அதிகத் தண்ணீரைத் தள்ளும் ஒன்றைத் தேர்ந்து, அனைவரையும் அதையே செய்ய வைத்திருந்தது.

“மூணு வருசம் ஓட வேண்டியது, பூவிழி. இப்ப ஒம்பது நாள்ல தேஞ்சு உடைஞ்சு போகுது,” என்றார் யுகேந்திரன். “அணையில தண்ணி அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. கண்ணாடித்தூள் மாதிரி மணல் வருது. எல்லா நிலையத்துலயும் ஒரே இம்பெல்லர். அதனால எல்லாம் ஒரே நேரத்துல சாகுது. நாம கடையற வேகத்தைவிட மணல் தின்கற வேகம் கூட.”

“வேற வடிவம் போட முடியாதுங்களா சார்?”

“நேர்த்தி தேடிக்கிட்டேதான் இருக்குது. ஆயிரக்கணக்கான வடிவத்தைக் கணக்குலேயே ஓட்டிப் பாத்துருச்சு. இதைக் கொஞ்சம் மாத்தினா இதைவிட மோசம். அதைக் கொஞ்சம் மாத்தினா அதுவும் மோசம்.” அவர் சன்னலுக்கு வெளியே மேற்குத் திசையைக் காட்டினார். “மருதமலை உச்சியில நிக்கறோம்னு வெச்சுக்குங்க. எந்தப் பக்கம் கால் வெச்சாலும் இறக்கந்தான். அதனால நேர்த்தி நகர மாட்டேங்குது. அந்தப் பக்கம் வெள்ளியங்கிரி நிக்குது, இதைவிட எவ்வளவோ உசரம். ஆனா அங்க போகணும்னா மொதல்ல இங்கிருந்து இறங்கணும்.”

“இறங்கச் சொல்லுங்களேன்.”

“இறங்கறதுக்குப் பேரு நஷ்டம். நஷ்டம் வராம பாத்துக்கறதுக்குத்தானே அதைக் கட்டினோம்?”

“அப்ப இதுக்கு முன்னாடி மட்டும் யாரு சார் இறங்குனாங்க?”

யுகேந்திரன் இம்பெல்லரை விரலால் சுற்றினார். “யாரோ கிறுக்கன் இறங்கியிருப்பான். தப்பாக் கடைஞ்சுட்டு, சரி போகட்டும்னு மாட்டிப் பாத்திருப்பான். அதெல்லாம் கணக்குல வராதும்மா.”

“கடைசியாப் புது வடிவம் ஒண்ணு பதிவானது எப்பங்க?”

அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் மறுபடியும் பார்த்தார். “ஏழு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமேயில்லை. இம்பெல்லர்ல மட்டுமில்ல. எதுலயுமே இல்லை.”

*

கணபதிப் பகுதியில் இருந்தது திருமூர்த்தியின் பட்டறை. உடம்பு நலிந்த பிறகும் அவன் அங்குதான் வந்து உட்காருவான்; லேத்தைப் பங்காளி ரங்கராசு ஓட்டினார். நண்பகல் வெயிலில் தகரக்கூரை கொதித்தது. திருமூர்த்தி ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கக் கூடாதவனுக்கு அதுவே விருந்து.

பூவிழி நேரே கேட்டாள்: “ஏழு வருசமா உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? புதுசா ஒண்ணுகூடவா தோணல?”

“கேட்டுக்கடா மூர்த்தி, நேர்த்தியம்மா விசாரணைக்கு வந்துட்டாங்க,” என்றார் ரங்கராசு, லேத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே. “தோணறதுக்கு எதையாவது பாக்கோணுமில்லீங்களா அம்மணி? நாங்க பாக்கறது இந்த ஒரு லேத்தையும் இந்தாளு மொகத்தையுந்தான்.”

“முன்னாடி மட்டும் எதைப் பாத்தீங்க?”

“அடுத்தவன் பட்டறையை.”

திருமூர்த்தி பனிக்கட்டியைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு சொன்னான்: “ஆயுத பூஜையன்னிக்குக்கா. ஊரே நிக்கும். மெஷினைக் கழுவித் தொடைச்சு, சந்தனம் வெச்சு, கதவைத் தொறந்து போட்டுருவோம். பொரிகடலைப் பொட்டணத்தைக் கையில வாங்கிக்கிட்டு ஒவ்வொரு பட்டறையா ஏறி எறங்குவோம். பொரிக்காகவா போனோம்? அவன் என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பாக்கத்தான். கிரைண்டர் பட்டறையில கல்லுக்குப் போட்டிருந்த காடியை, அந்த வளைஞ்ச பள்ளத்தைப் பாத்துட்டு வந்துதான் நான் இம்பெல்லர்ல இதழை வளைச்சேன். கிரைண்டருக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்லை. ஆனா கண்ணுல பட்டுச்சு.”

“இப்பவும் பூஜை கும்புடறீங்கல்ல?”

“கும்புடறோம். எங்களுக்குத் தை மாசத்துல ஒரு நாளு. பக்கத்துப் பட்டறைக்கு ஆனியில. நாங்க நிக்கறப்ப அவங்க ஓடறாங்க. ஓடற பட்டறைக்குள்ள அந்நியன் நுழைஞ்சா திருட வந்திருக்கான்னு அர்த்தம். நின்ன பட்டறைக்குள்ள நுழைஞ்சாத்தான் விருந்தாளி.”

பூவிழி ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தாள். நகரம் முழுவதும் ஒரே நாளில் நிற்பது பெரும் வீண் என்று கணக்கிட்டு, பூஜையைப் பட்டறைதோறும் வெவ்வேறு நாளுக்கு நேர்த்தி மாற்றியது ஏழாண்டுகளுக்கு முன்புதான். யாருடைய பூஜையும் பறிக்கப்படவில்லை, நாள்தான் மாறுகிறது என்று சங்கக் கூட்டத்தில் விளக்கியவள் அவளே. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பூஜை அப்படியேதான் இருந்தது. பூஜையன்று ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாததால் உதிர்ந்துபோயிற்று.

*

“நகரம் முழுக்க ஒரு நாள் நிறுத்தணுங்கறீங்க. பொரி சாப்பிடறதுக்கு,” என்றார் யுகேந்திரன்.

“ஆமாங்க சார்.”

“இந்த நேரத்துல!”

“வேற நேரம் நமக்கு இருக்குதுங்களா?”

அவர் எழுந்து அறைக்குள் நடந்தார். பராமரிப்பு நிறுத்தம் என்ற பெயரில் நேர்த்தியைத் தாண்டி ஒரு நாள் நிறுத்த விதியில் இடமிருந்தது. மேலாளரும் விளக்க அலுவலரும் சேர்ந்து கைரேகை வைக்க வேண்டும். இதுவரை யாரும் வைத்ததில்லை. “வெள்ளிக்கிழமை உலை அணைஞ்சா சனிக்கிழமைக்கு மாத்து இம்பெல்லர் வராது. வடபக்கத்து நிலையம் ரெண்டும் கண்டிப்பா நின்னுரும். அந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் தண்ணி…” அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “உங்க தம்பிக்கு எப்ப?”

“சனிக்கிழமை.”

“அவர்கிட்டக் கேட்டீங்களா?”

அவள் கேட்டிருக்கவில்லை. அங்கேயே, அவர் முன்னிலையிலேயே, தம்பியை அழைத்தாள். லேத்தின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள்.

“சனிக்கிழமை இல்லைன்னா அப்புறம் எப்பக்கா?” என்றான் திருமூர்த்தி மறுமுனையில்.

“தெரியலடா சாமி.”

“ஒண்ணும் கிடைக்கலைன்னா?”

அவள் மேசைமேலிருந்த இம்பெல்லரைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“நிறுத்தலைன்னாலும் இன்னும் ரெண்டு வாரத்துல எனக்கு இதே கதிதானே? சரி, நிறுத்து.” மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தான்: “உப்பில்லாத பொரியா வாங்கியாரச் சொல்லு. சும்மா போகக் கூடாது பாரு.”

பூவிழி கைரேகை வைத்தாள்; அடுத்து யுகேந்திரன் வைத்தார். விரலை எடுத்த பின் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை காலை நகரம் நின்றது. அந்த நிசப்தத்தில் காகங்களின் குரல்கூடப் புதிதாகக் கேட்டது. லேத்துகளின் இரைச்சலிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகள் காதைத் தேய்த்துக்கொண்டு தெருவில் நின்றார்கள்.

“பங்குனியில ஆயுத பூஜையாமா! சரசுவதி இப்ப ஊர்ல இருக்கறாளோ என்னமோ,” என்றார் ஒருவர்.

“ஆள் இல்லாட்டி என்னங், பொரி இருக்குதுல்ல,” என்றார் மற்றொருவர்.

ஆனாலும் மண்ணெண்ணெய் தோய்ந்த பஞ்சால் இயந்திரங்களைத் துடைத்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கதவுகளைத் திறந்து போட்டார்கள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தத்தம் வாசலிலேயே நின்றார்கள். அடுத்தவர் படியேறும் பழக்கம் காலுக்கு விட்டுப்போயிருந்தது. ரங்கராசுதான் முதலில் எதிர்ப்பட்டறைக்குள் நுழைந்தார். அவரைக் கண்டு இன்னும் நாலுபேர் நகர்ந்தார்கள்.

பூவிழி தம்பியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சென்றாள். நண்பகலுக்குள் அவளுடைய அச்சம் உருவம் பெற்றுவிட்டது. பார்ப்பதற்கு ஒன்றுமேயில்லை. எல்லாப் பட்டறையிலும் ஒரே லேத்து, ஒரே வெட்டுளி, ஒரே அச்சு. ஏழாண்டுகளில் நேர்த்தி அனைத்தையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது.

“எல்லா வூட்லயும் ஒரே சாம்பாருங்க அம்மணி,” என்றார் ரங்கராசு, தெருமுனையில் எதிர்ப்பட்டு. “எதைங் பாக்கறது?”

மூன்று மணிக்குத் திருமூர்த்தியின் கணுக்கால் செருப்பு வாருக்கு மேல் பிதுங்கியது. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் அவன் நின்றான். “வூட்டுக்குப் போலாமாடா?” என்று கேட்டாள். “கால் நீட்டி உக்காரணும். பக்கத்துல எங்கயாவது,” என்றான். பக்கத்தில் இருந்தது அன்சாரி பாயின் பழைய இரும்புக் கிடங்கு.

நீரேற்று நிலையங்களில் கழற்றிய இம்பெல்லர்கள் எல்லாம் அங்குதான் வரும். வந்த அன்றே, பொழுது சாயும் முன்னர், உலைக்குப் போய்விடும். இன்று உலை எரியவில்லை, ஏற்றிப்போகும் லாரியும் வரவில்லை. ஆகவே இன்றைய வரத்து முழுவதும் மலையாகக் குவிந்து கிடந்தது. சுற்றிப் பார்த்துச் சலித்த பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே அக்குவியலின்மேல் அமர்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

“வாங்க மூர்த்தி, வாங்க தங்கச்சி. இன்னிக்கு இதுதான் நம்ம கடையில சோபா,” என்று அன்சாரி பாய் ஒரு சாக்கை விரித்தார். “இத்தனை வருசத்துல இந்த மால் ராத்திரி இங்க தங்கப்போறது இன்னிக்குத்தான் மொதத் தடவை. மாப்பிள்ளை மாதிரி கவனிக்க வேண்டியதுதான்.”

ரங்கராசு தேய்ந்த இம்பெல்லர் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் சந்தனத்தை அப்பினார். “பொட்டு வெக்கறதுன்னா இவனுக்குத்தான் மொதல்ல வெக்கோணும். ஒழைச்சுத் தேஞ்சவன்.”

எல்லாரும் சிரித்தார்கள். வேறு சிலரும் ஆளுக்கொன்றை எடுத்துத் துடைத்தார்கள். பூவிழியாலும் சும்மா உட்கார முடியவில்லை. அவளும் பஞ்சை எடுத்துக்கொண்டாள். துடைத்தவற்றைச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். முன்தட்டு காகிதம்போல் மெலிந்தவை ஒரு பக்கம். தட்டு கிழிந்து, இதழ் ஒடிந்தவை ஒரு பக்கம். முன்தட்டே இல்லாமல், இதழ்கள் மொண்ணையாகக் குறுகி நின்றவை ஒரு பக்கம். பொழுதைப் போக்கத்தான் அப்படிப் பிரித்தாள். மூன்றாவது வரிசையில் இரண்டை அருகருகே வைத்தவள் கையை எடுக்கவில்லை.

“பாய், இது ரெண்டும் ஒரே நாள்ல வந்ததுங்களா?”

அன்சாரி பாய் அவற்றில் தொங்கிய அட்டைகளைப் பார்த்தார். “இல்லம்மா. வந்தது ஒண்ணா வந்தது. ஆனா ஓடுனது வேற வேற. இது ரெண்டு வாரம் ஓடியிருக்குது. அது மலையடிவாரத்து நிலையத்துல இருந்தது. மாத்து இல்லாம ஒன்றரை மாசமா கழட்டாமயே போட்டு வெச்சிருக்காங்க.”

“அப்புறம் ஏன் ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது?”

சிரிப்பு நின்றது. யாரோ வெர்னியர் அளவுகோலை நீட்டினார்கள். ரங்கராசு முதலில் ஒன்றை அளந்தார். பிறகு மற்றதை அளந்தார். பிறகு வெர்னியரைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். “மயிரிழைகூட வித்தியாசமில்லீங்.”

“அட்டையில என்ன போட்டிருக்குது பாய்? உடைஞ்சுதா?”

“உடையல. ‘திறன் குறைவு’ன்னு போட்டுக் கழட்டியிருக்காங்க. இந்த மூணாம் வரிசை எல்லாமே அப்படித்தான். ஓடிட்டிருந்ததைத்தான் கழட்டி அனுப்பியிருக்காங்க.”

திருமூர்த்தி கையை நீட்டினான். பூவிழி ஒன்றை அவன் மடியில் வைத்தாள். அவன் கட்டைவிரலால் இதழின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னான்: “முன்தட்டுக்கும் பம்போட வெளிக்கூட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குதில்ல… அதுலதான் மணல் உக்காந்து அரைக்குது. தட்டே இல்லைன்னா… உக்கார எடமில்லை. தண்ணியோட போயிருது. அதனால தட்டைத் தின்னு முடிச்சதும்… மணலுக்குத் தீனி இல்லை. தேயறது நின்னுபோச்சு.”

“பாதித் தண்ணிதான் தள்ளுமே?” என்றார் ஒருவர்.

“பாதி தள்ளட்டும். ஆனா நிக்காது.”

“இத்தனை நாளா நேர்த்திக்கு இது தெரியலியாக்கும்!”

“திறன் பாதியாக் குறைஞ்சதுமே கழட்டச் சொல்லிருது,” என்றாள் பூவிழி மெதுவாக. “கழட்டினதுக்கப்புறம் உருக்கச் சொல்லிருது. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு அது காத்திருந்து பாத்ததேயில்லை. நம்மளையும் பாக்க விடல.”

இளவட்டம் ஒருவன் எழுந்தான். “வாங்க, லேத்தைப் போடுங்க. புது இம்பெல்லர்ல தட்டை மட்டும் சீவித் தள்ளிருவோம்.”

“இன்னிக்கு லேத்தைத் தொடப்படாது,” என்றார் ரங்கராசு. “பொட்டு வெச்சாச்சு.”

“ரங்கராசண்ணா, மனுசன் உயிரு போகுதுங்கறேன்!”

“தொட வேண்டாம்,” என்றான் திருமூர்த்தி. “சீவறதை மணலே சீவிக் குடுத்துருச்சே. இந்தக் குப்பையவே மாட்டுங்க.”

பூவிழி யுகேந்திரனை அழைத்தாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். “பாதித் தண்ணிக்கு ரெண்டு பங்கு கரண்டு. நேர்த்தி சிவப்பு விளக்கைப் போட்டு அலறும்,” என்றார்.

“அலறட்டும் சார். மருதமலையில இருந்து இறங்கறோம்.”

சந்தனம் காயாத அந்தக் குப்பையை வேன்களில் ஏற்றினார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நேர்த்தி அதை ஏற்க மறுத்துப் பம்பை நிறுத்தியது. ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் கையாலேயே விசையைத் திருப்பினார்கள். சனிக்கிழமை தண்ணீர் வரவில்லை. திருமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். படுத்தால் மூச்சு அடைத்தது. பூவிழி அவன் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு, குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் ஒழுகியது. நின்றது. மீண்டும் ஒழுகியது. அதன்பின் நிற்கவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் திருமூர்த்தியைத் தூக்கிக்கொண்டுதான் மையத்துக்குள் போனார்கள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார் மருத்துவர். கண் திறந்தவன் முதலில் கேட்டது, “பொரி மீதி இருக்குதாக்கா?” என்பதே.

*

நேர்த்தி கற்றுக்கொண்டது.

அது முட்டாளன்று, கோபக்காரனும் அன்று. மணல்தின்ற வடிவத்தை ஒரே வாரத்தில் படித்து, திருத்தி, எல்லாப் பட்டறைகளுக்கும் அனுப்பியது. பின்னர் அந்த வெள்ளிக்கிழமையையே எடுத்து ஆராய்ந்தது. ஒரு நாள் நிறுத்தத்தின் நட்டத்தைவிட, அன்று கிடைத்ததன் ஆதாயம் பன்மடங்கு என்று கண்டது. ஆயுத பூஜை நெருங்கியபோது, இனி நகரம் முழுவதும் ஒரே நாளில் பூஜை என்று அறிவித்தது. பட்டறைத் தெருக்களில் வெடி வெடித்தார்கள்.

அறிவிப்பின் இரண்டாம் பகுதியைப் பூவிழிதான் முதலில் படித்தாள். பூஜையன்று ஒவ்வொருவரும் எந்த வழியில் செல்ல வேண்டும், எந்தப் பட்டறையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அங்கே எந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று நேர்த்தி வகுத்திருந்தது. புதுமை பிறக்கும் வாய்ப்பு மிகுதியாக இருக்குமாறு, யாரை யாரோடு சந்திக்க வைப்பது என்பதையும் அது கணித்திருந்தது. அன்சாரி பாயின் கிடங்கு எவருடைய வழியிலும் இல்லை. அதற்குக் காரணமும் தந்திருந்தது: ‘அங்கிருந்து பெற வேண்டியது பெறப்பட்டுவிட்டது.’ பூஜைக்கு முதல்நாளே குவியல் முழுவதையும் உருக்கவும் உத்தரவாகியிருந்தது.

“நாம கேட்டது இதைத்தானே? தப்பை உணர்ந்து திருத்திக்கிச்சு,” என்றார் யுகேந்திரன். அவர் முகத்தில் மெய்யான மகிழ்ச்சி இருந்தது. “இதுல என்ன குறை சொல்லுங்க?”

பூவிழி குறையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. ஏழாண்டுகளுக்கு முன்னும் இப்படித்தான், எந்தச் சொல்லும் பொய்யாக இல்லாமல் இருந்தது.

பூஜையன்று காலை அவள் தம்பியின் பட்டறையில் இருந்தாள். மாவிலை, சந்தனம், பொரி எல்லாம் இருந்தன. “கிடங்குக்குப் போலாமாடா? பாய் தனியா உக்காந்திருப்பாரு,” என்றாள்.

“போலாந்தான்,” என்றான் திருமூர்த்தி. அவன் கைப்பேசி மெல்ல ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். “எனக்கு ஒம்பது மணிக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வால்வு பட்டறைக்கா.” அவளைப் பார்க்காமலேயே சட்டையின் மடிப்பை நீவினான். “போகலைன்னா ஏதாவது தப்பிப்போயிருமோன்னு இருக்குது. மறுபடியும் தண்ணி நின்னுபோச்சுன்னா?”

ரங்கராசு ஏற்கெனவே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குத் தெருவின் கதவுகள் எல்லாம் ஒருசேரத் திறந்தன. கையில் பொரிப் பொட்டலத்துடன் ஆட்கள் வெளிப்பட்டு, ஆளுக்கொரு திசையில், ஒருவரையொருவர் உரசாமல், நேரத்தைப் பார்த்தபடி நடந்தார்கள். எதிர்ப்பட்ட எவரும் நிற்கவில்லை. பூவிழி மட்டும் தன் கைப்பேசியை லேத்தின்மேல் வைத்துவிட்டு, கிடங்கு இருக்கும் திசையில் நடக்கத் தொடங்கினாள். அங்கே அப்போது துப்புரவாகக் கூட்டிப் பெருக்கிய வெறுந்தரைதான் இருந்தது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் உங்கள் கைப்பேசியை எடுங்கள். அது இன்று உங்களைப் போகச் சொல்லும் இடம் எது என்று பாருங்கள். அங்கே போகாதீர்கள். உங்களை யாரும் அனுப்பாத ஒரு வாசலில் ஏறுங்கள். அங்கே மூலையில் கிடப்பதைக் கையிலெடுத்துத் துடைத்துப் பாருங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். அது உருகுவதற்குள் போங்கள்.